புருவத்துக்கு இந்தியில் என்ன பெயர்

தில்லியில் என்னைப் பார்க்கிறவர்கள் முதலில் விசாரிப்பது என் தூக்கத்தைப் பற்றித்தான். பஸ் கண்டக்டர், பால் பூத்தில் இருப்பவர், மாடிவீட்டுப் பஞ்சாபி அம்மாள், எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "ராத் கோ ஸோயீ நஹீ க்யா?" நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்துத் தலைவாரி நிற்கிற ஒருத்தியிடம் இரவு தூங்கவில்லையா என்று தினமும் கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள்? வந்த புதிதில் அதை அக்கறை என்று எண்ணிக்கொண்டேன். பிறகுதான் என் இமைகளைச் சொல்கிறார்கள் என்று புரிந்தது. திருநெல்வேலியில் இந்தக் கேள்வியை நான் கேட்டதே இல்லை. அங்கே என் அப்பாவுக்கும் அத்தைக்கும் இதே தொங்கும் இமைகள்தான். பார்த்தவுடன் இன்னார் மகள் என்று சொல்லிவிடுவார்கள். அந்த அடையாளம் தில்லி வரைக்கும் ரயிலேறி வந்து சோம்பேறித்தனமாகிவிட்டது.

நாற்பது வயதைத் தாண்டியதும் இமைகள் மேலும் இறங்கின. கரோல் பாகில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலை எனக்கு. தாளைப் படிக்கத் தலையை அண்ணாந்து வைத்துக்கொள்வேன். மாலையில் பிடரி கல்லாக இருக்கும். முதலாளிக்குக் கண்ணாடித் தடுப்பின் வழியே பார்க்கும்போது நான் நாற்காலியில் சாய்ந்து உறங்குவதாகத்தான் தெரிந்திருக்கிறது. ஒருநாள் கூப்பிட்டு, வீட்டில் ஓய்வெடுப்பதானால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், இடத்துக்கு ஆள் இருக்கிறது என்றார். அதற்கு மறுவாரம் சாலையைக் கடக்கும்போது தரையில் விழுந்த வெளிச்சம் மட்டும் தெரிந்தது, ஸ்கூட்டர் தெரியவில்லை. முழங்கை தேய்ந்ததோடு போயிற்று. என் கணவர் அன்றைக்கே என்னைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் நல்லவர். இமையைத் தூக்குகிற தசை தளர்ந்துவிட்டது, அறுவை செய்தால் சரியாகும் என்றார். செலவைக் கேட்டோம். இரண்டு கண்ணுக்கும் முப்பத்தெட்டாயிரம். அதில் தியேட்டர் வாடகையும் மயக்க மருந்துக்காரரும் அடக்கம். மருந்து, பரிசோதனை, பிறகு வந்துபோகும் கட்டணம் வெளியே. என் ஏழு மாதச் சம்பளத்துக்கு மேல். ஆனால் என் கணவர் வேலை பார்த்த ஓக்லா கம்பெனியில் எங்கள் இருவருக்கும் மெடிக்ளைம் காப்பீடு இருந்தது. அது ஏற்றுக்கொண்டால் எங்கள் கையிலிருந்து நாலாயிரத்துக்குள் முடிந்துவிடும். அந்த இரண்டு தொகைக்கும் நடுவில் ஒரே ஒரு சொல்தான் நின்றது: காஸ்மெட்டிக். அழகுக்காக என்றால் ஒரு பைசா வராது. பார்வையை மறைக்கிறது என்று காகிதத்தில் நிரூபித்தால் வரும். அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான். அங்கே எட்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். எட்டு மாதம் என் முதலாளி பொறுக்கமாட்டார்.

நிரூபிப்பதற்கு ஒரு பரிசோதனை. பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, எங்கே ஒளிப்புள்ளி தெரிந்தாலும் கையிலுள்ள பொத்தானை அழுத்தவேண்டும். முதலில் இமை இருக்கிறபடி. பிறகு பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாட்சி. பரிசோதிக்கும் பெண் எனக்குத் தலையைப் பொருத்திவிட்டு, "பௌஹே மத் உடாயியே" என்று சொன்னாள். எதையோ தூக்காதே என்கிறாள். எதை? பதினேழு வருடமாக இந்தியில் காய்கறி வாங்குகிறேன், ஆட்டோக்காரரோடு சண்டை போடுகிறேன். பௌஹே என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. மோவாயாக இருக்கும் என்று முடிவு செய்து, மோவாயை அந்தத் தாங்கியில் அழுத்தி வைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அதோடு, பரிசோதனை என்றாலே எனக்குப் பரீட்சைதான். ஒரு புள்ளியையும் விடக்கூடாது என்று நெற்றியைச் சுருக்கி, புருவத்தை எட்டிய மட்டும் உயர்த்தி, கண்ணில் நீர் வழிய எல்லாப் புள்ளிகளுக்கும் பொத்தானை அழுத்தினேன். வெளியே வந்து இவரிடம், நன்றாகச் செய்தேன் என்று வேறு சொன்னேன்.

மூன்று வாரத்தில் காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மேல்பக்கப் பார்வையில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை, ஆகையால் இது அழகு சிகிச்சை. அந்தப் பெண் தூக்காதே என்றது புருவத்தை, அதை உயர்த்தினால் இமையும் கூடவே எழும்பிவிடும் என்று டாக்டர் விளக்கி, எனக்காக ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, பரிசோதனைத் தாளின் மேல் விரலை வைத்தார். "மேடம், டாக்டர் குச் பீ லிக் சக்தா ஹை. மெஷீன் ஜூட் நஹீ போல்தீ." டாக்டர் எதையும் எழுதலாம், இயந்திரம் பொய் சொல்லாது. நான் எனக்குத் தெரிந்த இந்தியில் புருவம், தூக்கம், ஸ்கூட்டர் எல்லாவற்றையும் குழப்பிச் சொன்னேன். புருவத்துக்கு அந்தப் பெண் சொன்ன சொல் அப்போது நினைவுக்கு வராமல் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்து, சிரிக்காமல், இந்த வயதில் அழகாக வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை, அதற்குக் கம்பெனி பணம் தராது, அவ்வளவுதான் என்றார். எனக்கு அப்போதுதான் உண்மையாகவே கண்ணை மூடிக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

வெளியே படிக்கட்டில் இவர் காகிதங்களை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "ஒரு கண்ணு மட்டும் இப்பம் செஞ்சுக்கிடுவோம். அடுத்த வருஷம் இன்னொண்ண பாத்துக்கிடலாம்" என்றார். கூடுதலாக மறைத்தது வலது கண். அதைச் செய்துகொண்டேன். ஒரு இமையைத் தூக்கினால் மற்றது இன்னும் கொஞ்சம் இறங்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பணக் கவலையில் அது எங்கள் காதில் ஏறவில்லை. கட்டுப் பிரித்து வீக்கம் வடிந்ததும் கண்ணாடியில் பார்த்தேன். வலது கண் யாரையோ கண்டு திடுக்கிட்டதுபோலத் திறந்திருந்தது. இடது கண் முன்னைவிடத் தாழ்ந்திருந்தது. முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை. அடுத்த வருஷம் ஓக்லா கம்பெனி மூடப்பட்டது; காப்பீடும் அதோடு போயிற்று. நாங்கள் இன்னொரு கண்ணைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டோம். ஊரில் இருக்கிறவர்கள் தில்லிச் சம்பளம், தில்லி ஆஸ்பத்திரி என்று வாய்நிறையச் சொல்கிறபோது நான் மறுப்பதில்லை.

அந்த ஆனியில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் பாளையங்கோட்டை போயிருந்தேன். பந்தலில் அண்ணன் மனைவி என் முகவாயைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டெல்லியில் போய் அழகு பண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று பேச்சு ஏற்கெனவே பரவியிருந்தது. ஆனால் அவள் கேலி செய்யவில்லை. மெய்யாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"இதுல எதும்மா உன் கண்ணு?"

இடது கண்ணைத் தொட்டுக் காட்டினேன். அப்பாவின் கண் அதுதான் என்று அவளுக்கும் தெரியும், தலையாட்டினாள். ஆனால் அவள் முகத்தை, அவளுக்குப் பின்னால் மாலையோடு நின்ற பெண்ணை, எனக்கு நாற்காலி கொண்டுவரும் அண்ணனை, அவ்வளவையும் நான் பார்த்துக்கொண்டிருந்தது வலது கண்ணால்.