தரையோடு தரையாக ஒரு மீன் குளம்

கொல்லையில் அலங்கார மீன் குளம் கட்டப்போகும் புத்திசாலிகளுக்காக இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கொழுந்தன் செல்வம், லீவில் வந்தபோது ஜப்பான் கோய் மீனுக்காக எங்கள் கொல்லையில் ஆளுயரத்துக்குக் குளம் வெட்டினார்.

"சுத்தி ஒரு சுவர் வைங்க தம்பி, ஐப்பசியில நம்ம கொல்லையே முங்கிடும்" என்றேன்.

"அங்கெல்லாம் தரையோட தரையாதான் இருக்கும் அண்ணி. சுவர் வச்சா அது மாட்டுத் தொட்டி" என்று சிரித்தார். இந்த மழையில் நனைந்து வளர்ந்த ஆள், நாலு வருஷம் ஏ.சி.யில் இருந்ததும் மழையையே மறந்துவிட்டார். மீனை விட்டார், போட்டோ எடுத்தார், பிளேன் ஏறினார்.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. கொல்லையும் குளமும் பின்னால் இருக்கும் வயலும் ஒரே வெள்ளக்காடு. ஆட்டைப் பிடித்துக் கட்டப் போன நான், தரை என்று நினைத்துக் குளத்துக்குள் காலை வைத்துத் தலைவரை முங்கிப்போனேன். கொடிக்கயிறு மட்டும் கைக்குச் சிக்கியிராவிட்டால், இதை எழுத நான் இல்லை.

போனில் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "மீனுக்கு ஒண்ணும் ஆகலையே அண்ணி?"

மீன்கள் வயல் வழியே வாய்க்காலுக்குப் போயிருந்தன. தண்ணீர் வடிந்ததும் குளத்தைத் தூர்த்து, மேலே சேப்பங்கிழங்கு நட்டேன். இப்போதெல்லாம் எங்கள் கொல்லையில் யார் கடப்பாரையைத் தூக்கினாலும், "ஐப்பசியில நீங்க இங்க இருப்பீங்களா?" என்று கேட்ட பிறகுதான் தோண்ட விடுகிறேன்.

செல்வம் இன்னமும் குளத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறார். கிழங்கு வறுவலை எடுத்து அனுப்புகிறேன்.

— ஜெசிந்தா, தஞ்சாவூர்