நான்தான் அந்தப் பாப்பா

காலையில் தொலைபேசி அடித்தது. என் அண்ணன் மாணிக்கம் எடுத்து "அலோ" என்று வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமினார். செருமல் சத்தம் நன்றாகவே கேட்டது. மறுபடி "அலோ" என்றார். உதடு அசைந்ததே தவிர ஒலி இல்லை. ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மறுமுனையில் ஒரு பெண். "குழந்தையைக் குழியில போட்டு வேலை வாங்குறியே, நீயெல்லாம் மனுஷனா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

அவள் சொன்ன குழந்தை நான்தான். இதை நம்ப உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். நான் பட்டு நெய்கிறேன், அண்ணன் விற்கிறார். அவருடைய முதலீடே வாய்தான். கல்யாண வீட்டார் முன்னால் சேலையை விரித்து அவர் பேச ஆரம்பித்தால், சும்மா பார்க்க வந்தவர்களும் இரண்டு எடுத்துக்கொண்டு போவார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா அவரைப் பார்த்தே சொல்வாள். அந்த வாய்தான் எங்களை மாட்டியும்விட்டது.

செல்போனில் படம் பிடிப்பது அப்போது புதுசு. தன் கல்யாணத்துக்குச் சேலை வாங்க வந்த ஒருவர், மரியாதையான பிள்ளை, அண்ணன் பேசுவதைப் படம் பிடித்தார். அண்ணனுக்குக் குஷி தாங்கவில்லை. "இது எங்க பாப்பா கைவேலைபா. காலையில குழியில எறக்கிட்டோம்னா பொழுது சாஞ்சாதான் மேல ஏறும். சோறு கூட அங்கயே குடுத்துடுவோம். அது உட்கார்ந்துக்கினு இருந்தாதான் கோர்வை இப்படி நிக்கும்" என்றார். சேலையின் உடலும் கரையும் சேரும் இடத்தைத்தான் கோர்வை என்போம்.

தறியில் கால் தொங்கப்போட ஒரு பள்ளம் இருக்கும். குழியில் இறங்குவது என்றால் எங்கள் தெருவில் வேலைக்கு உட்காருவது. பாப்பா என்றால் கடைக்குட்டி. கடைக்குட்டிக்குத் தலை நரைத்தாலும் அவள் பாப்பாதான். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது, காதோரம் நரை வேறு.

அந்தப் பிள்ளை படத்தை நல்லெண்ணத்தோடுதான் இணையத்தில் போட்டார். வேறு யாரோ நடுவிலுள்ள பேச்சை மட்டும் வெட்டியெடுத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ஓடவிட்டார்கள். பாப்பா என்றால் குழந்தை, குழி என்றால் பள்ளம். அகராதிப்படி ஒரு தப்பும் இல்லை. பிறகென்ன? குழந்தையைப் பள்ளத்தில் இறக்கி, சோற்றையும் உள்ளேயே போடும் ராட்சசன் ஆகிவிட்டார் என் அண்ணன். அவருக்குப் பின்னால் மாட்டியிருந்த பலகையில் எங்கள் போன் நம்பர் தெளிவாகத் தெரிந்தது. சும்மா விடுவார்களா?

பிரவுசிங் சென்டருக்குப் போய் நானே பார்த்தேன். படத்துக்குக் கீழே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதித் திட்டியிருந்தார்கள். ஒன்று சொல்ல வேண்டும். அவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள், குழந்தைக்காகக் கோபப்பட்டவர்கள். இந்த ஊரில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தறியில் உட்கார வைத்தது உண்டு. அதை நான் மறைக்க மாட்டேன். "பாப்பாவுக்கு என்ன வயசு?" என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாமே என்றுதான் வயிறு எரிந்தது. அத்தனை பேர் போன் போட்டார்கள், யாரும் கேட்கவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. "நான்தான் அந்தப் பாப்பா. எனக்கு முப்பத்தாறு வயது" என்று சென்டர்காரப் பெண்ணை விட்டு அங்கேயே எழுதச் செய்தேன். "பாவம், மிரட்டி எழுத வைக்கிறார்கள்" என்று பதில் வந்தது. அதற்குமேல் என்னத்தை எழுத?

அண்ணன் ஒவ்வொரு போனையும் எடுத்தார். எடுக்காதே என்றால் கேட்க மாட்டார். "எடுக்கலைன்னா தப்பு பண்ணவன்னு ஆயிடும்மா" என்பார். "ஐயோ, அது என் கூடப்பொறந்த தங்கச்சிமா" என்று ஆரம்பிப்பார். முடிக்க விடமாட்டார்கள். பேசி வைத்திருந்த கல்யாண ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அப்படி ஒரு காலையில்தான் அவர் குரல் போனது.

அந்த வாரத்திலேயே தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். யாரோ புகார் அனுப்பியிருந்தார்கள். தறியை எட்டிப் பார்த்தார். குழியில் நான்.

"பாப்பா எங்கம்மா?"

"நான்தான் சார்."

"இல்லம்மா, அந்தச் சின்னப் பொண்ணு."

"சின்னப் பொண்ணுதான் சார். நரைதான் கொஞ்சம் அவசரப்பட்டுடுச்சு."

அதிகாரி முழித்தார், பிறகு சிரித்தார். மூலையில் நின்ற அண்ணனும் சிரித்தார். கடகடவென்று, பழைய குரலில், முழுச் சத்தத்தோடு. எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். உடனே ஏதோ சொல்ல வாயெடுத்தார். மறுபடி காற்று.

அதிகாரி டீ குடித்துவிட்டு, குற்றம் எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவர் தலை மறைந்ததும் அண்ணி சரோஜா வெடித்துவிட்டார். "சிரிக்கத் தெரியுது, பேசத் தெரியலையா? யாருகிட்ட நடிக்கிறீங்கோ?" என்று அழுதார். அண்ணியைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் புகையிலை போடுகிறவர். தொண்டையில் புற்றோ என்று பயந்து அண்ணி தூங்காமல் கிடந்தார். அந்தப் பயம்தான் அப்படிப் பேசியது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டரம்மா மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பார்த்தார். குரல்நாண்கள் (மூச்சு பட்டதும் அதிர்ந்து ஒலி தரும் இரண்டு மடிப்புகள்) சுத்தமாக இருந்தன. இருமச் சொன்னார், இரண்டும் சேர்ந்தன. பேசச் சொன்னார், விலகியே நின்றன.

"கட்டி எதுவும் இல்லை. இதைச் செயல்சார் குரலிழப்புன்னு (உறுப்பு கெடாமலே அதன் வேலை நின்றுபோவது) சொல்வோம். மனசுல பெரிய அடி பட்டா சில பேருக்கு இப்படி ஆகும்" என்றார்.

"அப்போ நடிப்புதானா டாக்டர்?" என்றார் அண்ணி.

"இல்லம்மா. நடிக்கிறவங்க வேணும்னா நிறுத்திக்கலாம். இவரால நிறுத்த முடியாது."

அண்ணி அங்கேயே, எல்லோர் முன்னாலும், அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால் டாக்டரம்மா சொன்னதை மட்டும் மறக்காதீர்கள். மனசு வைத்தால் பேசலாமே என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மனநல மருத்துவரையும் பார்த்தோம். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். முதலில் இருமல். இருமலை இழுத்து "ம்ம்ம்". "ம்ம்ம்"மை இழுத்து "மா". துண்டாகிப்போன இழையை முறுக்கிச் சேர்ப்பது மாதிரியான வேலை, அவசரப்பட்டால் மறுபடி அறுந்துவிடும். வீட்டில் அண்ணியும் கூட உட்கார்ந்து மாடு மாதிரி "மா, மா" என்பார். எங்களுக்கே சிரிப்பாக வரும்.

"மா" தேறியதும் "பா" வந்தது. பயிற்சிப் பெண் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல, அண்ணன் திருப்பிச் சொன்னார். பால். பாட்டு. பானை. கரகரப்பாக இருந்தாலும் குரல்தான். அடுத்தது அந்தப் பெண் சொன்னாள்: "பாப்பா." அவளுக்கு எங்கள் கதை முழுசாகத் தெரியாது.

அண்ணன் வாயைத் திறந்தார். காற்று வந்தது. என்னைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அவர் குரலை எந்த வார்த்தை பூட்டிப் போட்டது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

படம் பிடித்த பிள்ளையும் ஒருநாள் பழங்களோடு வந்தார். தான் போட்ட படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டதாகவும், மற்றவர்கள் வெட்டிப் போட்டதை எடுக்க முடியவில்லை என்றும் சொல்லி அழுதார். அண்ணன் அவர் தோளைத் தட்டி, காபி கொண்டுவரச் சொல்லி எனக்கு ஜாடை காட்டினார். அவர் அப்படித்தான்.

மெல்ல மெல்லப் பேச்சு திரும்பியது. வியாபாரமும் பாதியாவது திரும்பியது. ஆனால் ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் இப்போது ஒரு கணம் நிறுத்துகிறார். போன் அடித்தால் கை தொண்டைக்குப் போகிறது. எனக்கும் ஒன்று மிச்சம் இருக்கிறது. குழியில் கால் வைக்கும்போது, இது மேலிருந்து பார்ப்பவருக்கு எப்படித் தெரியும் என்று நினைக்காமல் உட்கார முடியவில்லை. அத்தனை வருஷம் என் காலுக்குச் சொந்தமாக இருந்த இடம் அது.

அண்ணன் என்னைத் "தனலட்சுமி" என்று கூப்பிட ஆரம்பித்தார். ரேஷன் கார்டில் மட்டும் இருந்த பெயர். முதல் தடவை யாரையோ கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பழகிவிட்டது. பழகியது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம். சேலை பார்க்க யாரும் வரவில்லை. அண்ணன் வாசலைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலையும் சாத்தினார். என்னவோ ஏதோ என்று எனக்குப் பதறியது. தறிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"பாப்பா, சாப்ட்டியா?"

"இதோ ஏறி வரேண்ணா" என்றேன். ஏறுவதற்குள் கண் நிறைந்துவிட்டது.

இன்றைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார், கதவைச் சாத்திவிட்டு.