பதினாறு அங்குலக் கதவு

அரம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. வெல்டிங் பற்றில் துருத்திய இரும்பை வெல்டர் ராவி, கட்டைவிரலால் தடவிப் பார்த்து, மறுபடி ராவினார். கண்ணுக்கு வழுவழுப்பாகிவிட்டது, விரல் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வெல்டருக்கு வரைபடம் படிக்க யாரும் சொல்லித் தந்ததில்லை. பட்டறைக்கு வந்த காகிதங்களைப் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றது. முப்பது வருடத்தில் இப்படியொரு காகிதம் வந்ததில்லை. கதவின் அகலம் பதினாறு அங்குலம். சட்டம் போக, ஆள் நுழைய மிஞ்சுவது பதின்மூன்று.

எண்ணூறு வீட்டுக் குடியிருப்பின் பின்சுவரில், வேலைக்கு வருகிறவர்களுக்காக வைக்கிற வழி அது. அவர்கள் முன்வாசலில் வந்தால் அழகு கெடுகிறதாம். பின்வாசல் அகலமானால் பொருள் வெளியே போய்விடுமாம். ஆள் நுழையலாம், ஆளோடு பை நுழையக் கூடாது என்பதைக் கண்டுபிடிக்கக் குடியிருப்புச் சங்கத்தார் மூன்று கூட்டம் போட்டிருந்தார்கள். அத்தனை பேரும் படித்தவர்கள். ஒன்றாம் தேதியிலிருந்து முன்வாசலில் வேலைக்காரர்களை விடமாட்டார்கள்.

வெல்டரின் அக்கா அங்கே நான்கு வீட்டில் சமைக்கிறாள். நல்ல பருமன். பட்டறைக்கு வந்து சட்டத்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து பார்த்தாள். பாதி உடம்பு போனது.

"நாலு வீட்டு அடுப்புல வளர்ந்த உடம்புடா இது. பேசாம நீயே ஆறு அங்குலம் கூட்டிடு."

அவர் மறுத்துவிட்டார். கொடுத்த அளவைத் திருட்டுத்தனமாக மாற்றுவது அவர் தொழிலில் கிடையாது. அகலம் போதாது என்று குடியிருப்புச் செயலரிடம் இரண்டு முறை நேரில் போய்ச் சொன்னார். செயலர் ஓய்வுபெற்ற பொறியாளர். பாலமெல்லாம் கட்டியவனுக்குக் கதவு தெரியாதா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்.

கதவை மாட்டும் நாளில் வெல்டர் சட்டத்தைச் சுவரோடு பூசவில்லை. ஆப்பு வைத்து மட்டும் நிறுத்தினார். கதவு செய்யச் சொன்னவர் அதில் ஒருமுறை போய்வந்தால்தான் சாவி கொடுப்பது அவர் வழக்கம். அதைச் சொன்னதும் செயலர் சிரித்துக்கொண்டே பக்கவாட்டில் நுழைந்தார். தோள் போனது. தொந்தி போகவில்லை. பின்னுக்கும் வரவில்லை. வேலைக்கு வந்த பெண்கள் வெளியே வரிசையாக நின்றிருந்தார்கள்.

"அளவு சரியாத்தான் சார் இருக்கு," என்றார் வெல்டர். "மூச்ச வெளிய விட்டுப் பாருங்க."

"நான் இந்த வழியா வரப்போறதில்லையேப்பா."

"நான் வரணுமே சார்," என்றாள் அக்கா. "உங்களவிட ஒரு சுத்து ஜாஸ்தி."

ஆப்பைத் தட்டிச் சட்டத்தைத் தளர்த்தித்தான் அவரை எடுக்க வேண்டியிருந்தது.

அன்று மாலையே நான்காவது கூட்டம் நடந்தது. தீப்பிடித்தால் குடியிருப்போர் ஓடித் தப்பிக்க வசதியாகப் பின்வாசல் இரண்டரை அடியாக்கப்படுகிறது என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். தங்கள் மூளைக்குத் தாங்களே நன்றியும் தெரிவித்துக்கொண்டார்கள்.

புதுக் கதவு மாதக் கடைசியில் மாட்டப்பட்டது. அக்கா இரண்டு கையிலும் பையோடு நேராக நடந்து உள்ளே போனாள். செயலர், தானே யோசித்துச் செய்தது போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒருமுறை போய்வந்தார். வெல்டர் பூட்டைத் திறந்து மூடிக் காட்டி, சாவியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.