பாரிஸிலிருந்து ஒஸ்லோவுக்கு, மொன்றியல் வழியாக

பாரிஸிலிருந்து ஒஸ்லோவுக்கு விமானத்தில் இரண்டேகால் மணித்தியாலம். தூரம் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர். ஆனால் பாரிஸில் என் அண்ணன் சொல்லும் வசனம் ஒஸ்லோவில் என் அக்காவை அடைய அத்திலாந்திக் சமுத்திரத்தை இரண்டு தடவை கடக்கவேண்டும். நடுவில் மொன்றியலில், குசினிக் கதிரையில், காதில் ரெலிபோனோடு நான் இருந்தேன்.

இருவரும் கதைப்பதை நிறுத்திப் பல வருடங்கள். காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். தன் தங்கையை அண்ணன் “உன்ரை கொக்கா” என்பார். தன் அண்ணனை அக்கா “உன்ரை கொண்ணர்” என்பா. சொந்தம் முழுவதும் என் தலையில். “அவளுக்குத் திமிர்” என்று பாரிஸ் சொன்னால், “அண்ணை உங்களைச் சுகம் விசாரிச்சவர்” என்று ஒஸ்லோவுக்குச் சொல்வேன். நான் கதை எழுதுகிறவன். நான் செய்த புனைவுகளில் வாசகர் நம்பியவை அவைதான்.

அண்ணன் மகளுக்குக் கலியாணம் வந்தது. அக்காவுக்குத் தபாலில் அழைப்புக் காட் போயிற்று.

“மாமிக்காரிக்குக் காட் காணுமோ? வாயாலை சொல்லவேணும். சொல்லாத வீட்டுக்கு நான் போகமாட்டன்” என்றா அக்கா.

“அதுதானே நீ இருக்கிறாய். என்ரை பேரிலை நீ சொல்லு” என்றார் அண்ணன்.

மாமி இல்லாத கலியாணத்துக்குப் பிறகு இந்த இருவரும் சாகும்வரை கதைக்கமாட்டார்கள். அதையும் காவித் திரிய எனக்கு ஏலாது. எங்கள் ரெலிபோனில் மூன்று பேர் சேர்ந்து கதைக்கும் வசதி இருந்தது. ஒரு சனிக்கிழமை அக்காவை எடுத்துப் பொறுக்கச் சொல்லிவிட்டு, அண்ணனையும் எடுத்து இணைத்தேன்.

“அண்ணை, அக்கா நிக்கிறா. அக்கா, அண்ணை நிக்கிறார். நான் கத்தரிக்காய் வாங்கப் போறன்.”

ரிசீவரை மேசையில் வைத்தேன்.

“உங்களுக்கென்ன விசரோ?” என்றாள் மனைவி.

“ஓம்” என்றுவிட்டு ஜான்-டலோன் சந்தைக்கு நடந்தேன். தேவைக்கு மேல் நின்று பேரம் பேசினேன். பிரெஞ்சில், அதுவும் ஒரு துணிச்சல்தான்.

திரும்பி வந்தபோது மனைவி வாயில் விரல் வைத்துக் காட்டினாள். ரிசீவரை எடுத்துக் கேட்டேன்.

“உவன் சின்னனிலையே உப்பிடித்தான்.”

“ஓம் அண்ணை. நாங்கள்தான் செல்லம் குடுத்துப் பழுதாக்கினது.”

“சரி, நீ வெள்ளிக்கிழமையே வந்துடு. மாமி இல்லாமல் என்ன கலியாணம்?”

“வாறன் அண்ணை.”

“பிளேன் வாற நேரத்தைத் தம்பியிட்டைச் சொல்லிவிடு. அவன் எனக்குச் சொல்லுவான்.”

“சொல்லமாட்டன்” என்றேன் நான்.

இரண்டு நாடுகளும் திடுக்கிட்டன. நான் வைத்தால் மூவரின் இணைப்பும் அறுந்துவிடும் என்று தெரியும். வைத்தேன்.

உடனே மணி அடித்தது.

“எடுக்கேல்லையோ?” என்றாள் மனைவி.

“இல்லை.”

சற்று நேரத்தில் அது ஓய்ந்தது. பேந்து நானே அண்ணனின் நம்பரை அடித்துப் பார்த்தேன். லைன் பிஸி. ஒஸ்லோவும் பிஸி.