வரிசையில் கிடந்த கடைசிச் சோடி

எங்கள் ஓட்டக் கழகத்தில் பெயர் பதியும் கொப்பி கிடையாது. செருப்புத்தான் பதிவு. அதிகாலையில் சுபஹ் தொழுதுவிட்டு மருதமுனைக் கடற்கரைக்கு வந்து, எல்லோரும் செருப்பைக் கழற்றி ஒரே வரிசையில் வைப்போம். ஈர மணலில் வெறுங்காலோடு வடக்கே தோணா வரைக்கும், அதாவது மழைவெள்ளம் கடலில் விழும் வாய்க்கால் வரைக்கும், ஓடித் திரும்புவோம். வந்து சேர்ந்தவர் தன் செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார். ஒரு சோடி மிச்சம் கிடந்தால், ஒருவர் இன்னும் வரவில்லை என்று அர்த்தம்.

அதைப் பார்த்து நிற்பவர் மிஹ்லார் காக்கா; எங்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்போம். வயது முப்பத்தெட்டு. அக்கரைப்பற்றுக் கடைகளுக்கு மோட்டார் சைக்கிளில் சாறன் துணிக் கட்டுகள் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். படிக்கும் காலத்தில் ஐயாயிரம் மீற்றர் ஓட்டத்தில் மாகாணத்தில் நாலாவதாக வந்தவர். "நாலாவதா வந்தவன ஒருத்தனும் போட்டோ எடுக்கமாட்டான்டா," என்பார். கழகத்தில் முதலில் வருபவரை அவர் கண்டுகொள்வதே இல்லை. கடைசியாக வருபவருக்குத்தான் கை தட்டுவார். தொந்தி வைத்த கடைக்காரர்களும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா நின்ற நானும் அந்தக் கைதட்டலுக்காகத்தான் ஓடப் போனோம்.

கைதட்டல் அதிகம் கிடைத்தது ஸஜாத்துக்கு. பேக்கரியில் வேலை செய்பவர், எப்போதும் கடைசி. ஆனால் வாய் முதல். பாண்டிருப்பிலிருந்து சைக்கிளில் வரும் நிரோசன் ஒருநாள் வரிசையைக் காட்டிச் சொன்னான்:

"ஒங்கட செருப்பெல்லாம் பள்ளிவாசல்ல மாறி வந்தது. இதில காசு குடுத்து வாங்கினது என்ட மட்டும்தான்."

"கவனமா வெச்சுக்க மச்சான்," என்றார் ஸஜாத். "நாளைக்கு ஒன்ட செருப்பையும் பள்ளிக்குக் கொண்டுபோய்ப் பாக்கிறன், என்ன கலர்ல திரும்பி வருதெண்டு."

நிரோசன் சொன்னதில் பொய் இல்லை. பாதிப் பேருக்கு ஒரே கடையில் வாங்கிய ஒரே மண்ணிற றப்பர் செருப்பு. பள்ளிவாசலில் அவசரத்தில் மாறிவிடும். மாறியது கடற்கரையில் தெரியவந்தால், சொந்தக்காரர் எடுக்கட்டும் என்று வரிசையிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போய்விடுவோம். அது எங்களுக்குள் இருந்த வழக்கம்.

பிறகு ஒருநாள் பள்ளிவாசலில் காணாமல் போனது மிஹ்லார் காக்காவின் செருப்பு. வெறுங்காலோடு கரைக்கு வந்தார். அவர் ஓடவில்லை. அக்கரைப்பற்றிலிருந்து ஒரு கடைக்காரர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். கதைத்து முடித்துத் திரும்பியபோது எல்லோரும் போயிருந்தார்கள். வரிசையில் ஒரே ஒரு மண்ணிறச் சோடி கிடந்தது. தன்னுடையதை யாரோ மாறிப் போட்டு வந்து விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தார். போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எட்டு மணிக்கு, கரைவலை இழுக்க வந்தவர்கள் தோணாவடியில் ஒரு தோணியின் மறைவில் ஸஜாத்தைக் கண்டார்கள். நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தாராம். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது. முந்திக் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டொக்டர் சொன்னதை ஊரே கேட்டது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போன மிஹ்லார் காக்கா, பள்ளிவாசல் படியோரம் தன் செருப்பைக் கண்டார். அப்போதுதான் தன் காலில் இருப்பது யாருடையது என்று அவருக்கு விளங்கியது. என்னிடம் மட்டும் சொன்னார்.

"போட்டு நடக்கக்குள்ளயே ஒரு மாதிரி இருந்திச்சிடா. பெருவிரல் பதிஞ்ச குழி என்ட விரலுக்குச் சரிவரல்ல. ஆனா நான் நடந்தன்."

கழகம் நின்றுபோனது. ஸஜாத்தின் மனைவி ஜுனைதா நான்கு மாதமும் பத்து நாளும், கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில், வீட்டுக்குள் இருந்தார். அந்நிய ஆண்கள் போய்ப் பேச முடியாது. அவரிடம் சொல்லாமல் வேறு எவரிடம் சொல்லியும் பயனில்லை என்று மிஹ்லார் காக்கா இருந்தார். அந்த நாட்களில் அவர் காலையில் தனியாகக் கரைக்குப் போவார். ஓரிரு தடவை நானும் கூட ஓடினேன். பாதியில் நின்று திரும்பிப் பார்ப்பார். "பின்னால ஆரோ மூச்சு வாங்குற சத்தம் கேக்கல்லயா?" என்பார். அலைச் சத்தம்தான் என்பேன். என்னை முன்னே விட்டுவிட்டு, அவர் அங்கேயே நிற்பார்.

இத்தா முடிந்த மறுநாள், "நீயும் வா," என்று கூட்டிப்போனார். புதுச் சாறனில் சுற்றிய செருப்பு அவர் கையில் இருந்தது. ஜுனைதா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றார். மிஹ்லார் காக்கா எதையும் மறைக்கவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கேள்வி மட்டும் வந்தது. "எத்தன மணிக்குக் காக்கா செருப்பப் போட்டுக்கிட்டுப் போனீங்க?"

"ஆறேகால் இரிக்கும், தங்கச்சி."

எட்டிலிருந்து ஆறேகாலைக் கழிக்க யாருக்கும் நேரம் எடுக்காது. உள்ளே தையல் மெஷின் பக்கத்தில் ஜுனைதாவின் சின்ன மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

"செருப்ப இஞ்ச வெச்சிட்டுப் போயிராதீங்க," என்றார் ஜுனைதா கடைசியில். "வாசல்ல கண்டா வாப்பா வந்திட்டார் எண்டு புள்ள ஓடி வரும். கரைக்குக் கொண்டு போங்க. வரிசையில வைங்க. அது கெடக்குமட்டும் நீங்க ஊட்டுக்குப் போகப்படாது."

அது மன்னிப்பா தண்டனையா என்று திரும்பும் வழியில் நான் கேட்கவில்லை.

கழகம் மறுபடியும் ஓடுகிறது. இப்போது நாற்பது பேருக்கு மேல். மகளிரும் வேறாக நடக்க வருகிறார்கள். மிஹ்லார் காக்கா முதலில் வந்து ஒரு மண்ணிறச் சோடியை வரிசையின் கடைசியில் வைக்கிறார். எல்லோரும் போனபிறகு அது மட்டும் கிடக்கும். அவர் தோணா வரைக்கும் நடந்துபோய், ஒவ்வொரு தோணியின் மறைவிலும் குனிந்து பார்த்துத் திரும்பி வந்து, அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவார்.

போன கிழமை புதிதாகச் சேர்ந்த ஒருவர் அந்தச் சோடியைக் கண்டு நின்றார்.

"ஆரோ இன்னும் வரல்ல போல, காக்கா?"

"ஓம்," என்றார் மிஹ்லார் காக்கா. "நீங்க போங்க. நான் பாத்திட்டு வாறன்."