தேதி வெட்டிய சீட்டுகள்

தொழிற்பேட்டைக்கு நீர் அனுப்பும் நீரேற்று நிலையத்தில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தனியாகப் பணிபுரிகிறேன். ஆராய்ச்சி செய்ய எனக்கு எவரும் கற்றுத்தரவில்லை. முறையை நானே வகுத்துக்கொண்டேன். கண்டதையும் கேட்டதையும் சீட்டில் தேதியிட்டு எழுதுவேன். பிறகு தேதியுள்ள ஓரத்தைக் கத்தரித்துவிட்டு, சீட்டுகளைக் குலுக்கி இரண்டை எடுப்பேன். தேதி தெரிந்தால் மனம் அடுத்தடுத்த நாள்களையே கோத்துக்கொண்டிருக்கும். புதிதாக ஒன்றும் தோன்றாது.

ஒருநாள் வந்த முதல் சீட்டில், "விடுமுறையில் பட்டறைகள் மூடியிருந்தும் அழுத்தமானியின் முள் இறங்குகிறது" என்றிருந்தது. மற்றது ஆசிரியையான என் தங்கை சொன்னது: வகுப்பில் விசிலடிப்பவனைப் பிடிக்க, பிள்ளைகளை வரிசை வரிசையாக வெளியே அனுப்பினாளாம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். விடுமுறை நாளில் தெருத்தெருவாக வால்வை மூடவேண்டும். எந்தத் தெருவை மூடியதும் முள் நிற்கிறதோ, அங்கேதான் கசிவு. அதையும் சீட்டில் எழுதினேன். வழக்கப்படி ஓரத்தை வெட்டினேன். என் மேலதிகாரியான பொறியாளரிடம் காட்டினேன்.

"நல்லா இருக்கே, பார்க்கலாம்" என்றார்.

எட்டு மாதம் கழித்து அது அவர் பெயரில் ஆய்வறிக்கையாக வந்தது. புகார் கொடுத்தேன். விசாரணை அலுவலர் கேட்டார்: "பொறியாளர் குறிப்புல ஜூன் பத்துன்னு இருக்கு. அதுக்கு முந்தின தேதியில உங்ககிட்ட ஏதாவது இருக்கா? வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டு வாங்க."

வீட்டில் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "தேதியை வெட்டி எறிஞ்சுட்டு தேதிக்கு அலையற ஆளு நீ ஒருத்தன்தான்ணா!"

"எறியலை. பிஸ்கட் டப்பாவுல இருக்கு."

"அடப்பாவி, அதையுமா வெச்சிருக்கே?"

இரண்டாயிரத்துச் சொச்சம் துண்டுகள். நான்கு நாள் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அந்தச் சீட்டின் ஓரத்தில் ஒட்டிவைத்துப் பார்த்தோம். வியாழன் மாலை ஒன்று பொருந்தியது. சீட்டில் கத்தரி பிளந்த ஓர் எழுத்தின் வால் அந்தத் துண்டில் தொடர்ந்தது. மே இருபத்தெட்டு.

அலுவலர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உங்களோடதுதான், சந்தேகமே இல்ல. ஆனா அறிக்கை அச்சாகிப் போயிடுச்சே. அடுத்த பதிப்புல பேரைச் சேர்க்கலாம்."

"அடுத்த பதிப்பு எப்ப சார்?"

"அப்படி ஒண்ணு வந்தா."

"அதை எழுத்துல குடுங்க."

கொடுத்தார். என் புகார்க் கோப்பில் நாற்பத்தோராவது தாளாகச் சேர்த்தேன். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

மறுநாள் முதல், கத்தரி எட்டாதபடி, சீட்டின் நட்டநடுவில் தேதி எழுதுகிறேன். குலுக்கி இரண்டை எடுக்கிறேன். தேதிகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. சற்று நேரம் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றும் தோன்றாமல் மற்றச் சீட்டுகளோடு போட்டுவிடுகிறேன்.