இறங்கத் தெரியாதவள் போன நாற்பது கிலோமீட்டர்

பீர்க்கன்கரணை, சனிக்கிழமை காலை 5.40. 1992, பொங்கல் முடிந்த வாரம். ஏரிக்கரை ஓரமாக இரண்டு சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தோம். ஒன்று என் வீட்டுக்காரருடையது. பம்மலில் அவர் வேலை செய்யும் லேத் பட்டறைக்குத் தினமும் ஓட்டிப்போகிற கறுப்பு சைக்கிள். மற்றது என்னுடையது, தாம்பரத்தில் நானூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய பழைய லேடீஸ் சைக்கிள். பையனை அக்கா வீட்டில் விட்டாயிற்று. கேரியரில் ஒரு பை. அதில் மாற்றுப் புடவை, எலுமிச்சை சாதம், பஞ்சர் ஒட்டும் சாமான்கள்.

ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பியவர்கள் அல்ல நாங்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சி முடித்து, ஆறு வருடம் காத்திருந்து, முப்பத்தொன்றாம் வயதில் எனக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. திருப்போரூரிலிருந்து மானாமதி போகும் சாலையில் ஒரு துணை சுகாதார நிலையம். அதைச் சேர்ந்த ஊர்கள் ஐந்து. பஸ் போகும் சாலையில் இருப்பது ஒன்றே ஒன்று. மற்ற நான்கையும் சுற்றிவர சைக்கிள் இல்லாமல் முடியாது. திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். வேண்டாமென்று எழுதிக் கொடுத்தால் வரிசையில் கடைசிக்குப் போய்விடுவேன். என் வயதில் கடைசி என்றால் வேலையே கிடையாது என்றுதான் அர்த்தம்.

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும். ஏறத் தெரியாது, இறங்கவும் தெரியாது. சிரிக்க வேண்டாம். நான் குள்ளம். சீட்டை அடியோடு இறக்கிவிட்டாலும் என் கால் தரைக்கு எட்டாது. எங்கள் தெருவின் ஒரு முனையில் மதகுச் சுவர், மறு முனையில் தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் படி. மதகில் கால் வைத்து சீட்டில் உட்கார்ந்து கிளம்புவேன், படியில் கால் ஊன்றி நிற்பேன். நான்கு மாதமாக அப்படித்தான் பழகியிருந்தேன். கல் இருந்தால் நான் ராணி. இல்லாவிட்டால் வீட்டுக்காரர் ஓடிவந்து கேரியரைப் பிடிக்க வேண்டும்.

திங்கட்கிழமை முதல் அவர் அங்கே இருக்கப் போவதில்லை. அதனால் ஒரு ஒப்பந்தம் போட்டோம். இரண்டு நாளும் நான் ஏறும்போதும் இறங்கும்போதும் அவர் கை படக் கூடாது. ஒரு தடவை பட்டாலும் வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுவேன். அவர் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார்.

"நான் கையைக் கட்டிக்கினு வேடிக்கை பாக்கறேன். நீ உழுந்தாலும் தூக்க மாட்டேன். அப்புறம் மூஞ்சத் தூக்கி வெச்சிக்கக் கூடாது" என்றார்.

6.20, வண்டலூர். மிருகக்காட்சிசாலைப் பக்கமாக இடது கையில் கேளம்பாக்கம் சாலை பிரிகிறது. பதினெட்டு கிலோமீட்டர். திரும்பியதும் லாரி இரைச்சல் நின்று, இரண்டு பக்கமும் முட்புதர் மூடிய சிறு குன்றுகள் வந்தன. பனி இன்னும் விலகவில்லை. எனக்கு இயற்கையை ரசிக்க நேரமில்லை. கிலோமீட்டர் கல் எங்கே என்று பார்ப்பதிலேயே கண் போயிற்று. நெடுஞ்சாலைத் துறையை யார் என்ன திட்டினாலும் நான் திட்ட மாட்டேன். மஞ்சளும் வெள்ளையும் அடித்து, சரியாக என் கால் உயரத்துக்கு நட்டுவைத்திருக்கிறார்கள். ஆனால் சில கற்களை மழைச்சேறு கழுத்துவரை விழுங்கியிருந்தது. அந்த இடங்களில் தாகம் எடுத்தாலும் நிற்க வழியில்லை.

7.15, கண்டிகை. டீக்கடை வாசலில் நல்ல உயரமான கருங்கல் ஒன்று கிடந்தது. கடை நன்றாக இருந்ததா என்று கேட்காதீர்கள், கல் நன்றாக இருந்தது. இரண்டு டீ, ஒன்றரை ரூபாய். நான் கல்லிலிருந்தே சீட்டுக்குத் தாவுவதைப் பார்த்த டீக்கடைக்காரர், காலில் ஏதாவது அடியா என்று வீட்டுக்காரரிடம் விசாரித்தார். இல்லை, இவங்க பழக்கம் அப்படி என்று அவர் பதில் சொன்னார். எனக்கு முதுகு கூசியது.

மாம்பாக்கத்துக்கு முன்னால் சாலை முழுக்க வைக்கோல். அறுவடைக் காலத்தில் கதிரைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டிகள் ஏறி நெல்லைப் பிரித்துக் கொடுத்துவிடும். கூலியில்லாத வேலையாட்கள் நாம். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம் என்று அவர் இறங்கிவிட்டார். நான் எங்கே இறங்குவது? மிதித்தேன். வைக்கோலில் சைக்கிள் தண்ணீரில் போவதுபோல இழுத்தது. ஓரத்தில் நின்ற பெண்கள் நான் அவர்களுக்காகத்தான் மிதிக்கிறேன் என்று நினைத்து, இந்தப் பக்கமும் ஏற்று, அந்தப் பக்கமும் ஏற்று என்று கைகாட்டினார்கள். ஐம்பது கஜம். மூச்சு வாங்கியது. கோபமாகவும் வந்தது.

அதற்கப்புறம் மாம்பாக்கம் ஏரி. நிறைந்து கிடந்தது. கரையோரம் நீண்ட மதகு, வசதியான சுவர். அரை மணி நேரம் உட்கார்ந்தோம். நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. அந்த நேரத்தில் மட்டும்தான் நான் எதையும் தேடாமல் பார்த்தேன். சத்தியமாக அழகான சாலை அது.

புதுப்பாக்கம் மலைக்கோவிலைக் கடந்து, 9.45-க்குக் கேளம்பாக்கம். அங்கிருந்து தெற்கே திருப்போரூருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். வெயில் ஏறிவிட்டது. தையூர் ஏரிக்காற்று கொஞ்சம் காப்பாற்றியது. திருப்போரூர்க் குளக்கரையில் சாதத்தைப் பிரித்தபோது மணி பன்னிரண்டு. அதுவரை ஒன்பது முறை இறங்கி ஒன்பது முறை ஏறியிருந்தேன். அவர் கை படவில்லை. எனக்கே கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது.

பிற்பகல் 2.45. நான் வேலை பார்க்க வேண்டிய ஊர். பெயரை எழுதவில்லை, படித்துவிட்டு என்னைக் கேலி செய்வார்கள். மானாமதி சாலையில் ஏழாவது கிலோமீட்டரில் துணை சுகாதார நிலையம், சுண்ணாம்பு உதிர்ந்த ஓர் அறை. சனிக்கிழமை என்பதால் பூட்டியிருந்தது. அதன் வாசலில் கல் இல்லை. சரி, ஊருக்குள் போய் நிற்கலாம் என்று மிதித்தேன். தெருவிலும் கல் இல்லை. மண் தெரு, கூரை வீடுகள், வாசலில் சாணம் தெளித்த தரை, எல்லாம் ஒரே மட்டம். கோவிலைச் சுற்றினேன். கோவிலுக்கும் படி கிடையாது. வீட்டுக்காரர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டாவது சுற்று. வாசல்களில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மூன்றாவது சுற்றில் ஒரு பெண் கேட்டாள்:

"இன்னாம்மா, வேண்டுதலா? சாமியச் சுத்துறியா?"

நான்காவது சுற்றில் அடிபம்பைப் பார்த்தேன். அதைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்கு சிமென்ட் போட்டிருந்தார்கள். பம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். சைக்கிள் போய் விழுந்தது. புடவையெல்லாம் சேறு.

கேட்டவள் பெயர் தெய்வானை. நாற்பது வயதிருக்கும், இடுப்பில் குடத்தோடு நின்றாள். யார், எந்த ஊர் என்று விசாரித்தாள். புது நர்ஸ் என்றேன். கூட்டம் கூடிவிட்டது. இங்கே எதற்குச் சுற்றினாய் என்று அவள் விடாமல் கேட்கவே, வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொன்னேன். எனக்கு இறங்கத் தெரியாது, கல் இருந்தால்தான் நிற்பேன். ஏறவும் அப்படித்தான்.

தெருவே சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஊசி போட வருகிறவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? வேலையில் சேருவதற்கு முன்னாலேயே என் மானம் கப்பலேறிவிட்டது. தெய்வானை மட்டும் சிரித்து முடித்ததும் குடத்தை இறக்கி வைத்தாள். முன்னே இருந்த நர்ஸ் பஸ்ஸில் வந்து அறையில் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார் என்றும், போன ஐப்பசியில் மழைக்குள் தன் மருமகளை இடுப்புவலியோடு கட்டை வண்டியில் ஏற்றிப் போக வேண்டியிருந்தது என்றும் சொன்னாள். குழந்தை வழியிலேயே பிறந்து, இறந்தும் போய்விட்டதாம். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

"பஸ்ல வர்றவங்க வூட்டாண்ட வரமாட்டேங்கறாங்க. நீ எறங்கத் தெரியாமயாவது வந்துகினு கீறியே" என்றாள்.

திங்கட்கிழமை வருவாயா என்று கேட்டாள். வந்தால் பார்க்கலாம் என்று மழுப்பினேன். பம்புத் திட்டிலிருந்து ஏறிக் கிளம்பினேன். பின்னால் இன்னும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிறு காலை 6.30, திருப்போரூர். அவருடைய சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டுக் கிளம்பும்போது, வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். நல்ல பெண்களாக வேறு யாராவது வரட்டும், அந்த மருமகள்களுக்கு ஒழுங்காக ஓடிவரத் தெரிந்தவள் வேண்டும் என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

"என் கை பட்டுச்சா? படலியே. இன்னும் ஒரு நாள் கீது" என்றார்.

8.15, கேளம்பாக்கம். வீட்டுக்குத் திரும்பும் வழி மேற்கே. அவர் கிழக்கே திருப்பினார். கோவளத்தில் மீன் வாங்கலாம், ஐந்தே கிலோமீட்டர் என்றார். சாலை உப்பளங்களுக்கு நடுவே போகிறது. தை மாதம் என்பதால் உப்பு இன்னும் விளையவில்லை. பாத்திகளில் ஆட்கள் வரிசையாக நின்று சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள். போன வருடத்து உப்புக் குவியல்கள் பனையோலைக்கு அடியில் கிடந்தன. மற்றபடி தண்ணீர், வானம், தண்ணீர். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது.

நடுவழியில் எதிரே வந்த வேனுக்கு ஒதுங்கி மணலில் சரிந்தேன். அடி இல்லை. செயின் கழன்றிருந்தது. நானே மாட்டினேன், முழங்கைவரை கிரீஸ். பிறகு சுற்றிப் பார்த்தேன். கல் இல்லை, மதகு இல்லை, மரம்கூட இல்லை. அவர் இருபதடி தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டார். மூன்று தடவை சீட்டில் தாவ முயன்றேன். மூன்று தடவையும் சைக்கிளோடு விழுந்தேன். உப்பளத்துப் பெண்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர் ஒரு கையை அவிழ்த்தார். எனக்குத் தெரிந்தது, அவருக்குப் பொறுக்கவில்லை. வராதீங்க என்று கத்தினேன்.

அப்போது பின்னாலிருந்து பஸ் ஹாரன். சாலை நடுவில் நிற்கிறேன். சீட்டுக்கு முன்னால் கால்களை அகற்றி நின்றபடியே, ஓரமாகப் போனால் போதுமென்று உயர்ந்திருந்த பெடலை ஓங்கி மிதித்தேன். சைக்கிள் நகர்ந்தது. பெடல் மேல் நான் எழுந்தேன். சீட்டு தானாகப் பின்னால் வந்து நின்றது. உட்கார்ந்தேன். பஸ் போய்விட்டது. உட்கார்ந்துவிட்டுத்தான் மிதிக்க வேண்டும் என்று நான்கு மாதமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மிதித்துவிட்டு உட்காரலாம்.

இறங்குவது அதற்குத் தலைகீழ். பிரேக்கைப் பிடித்து, சீட்டிலிருந்து முன்னால் வழுக்கி, காலை ஊன்ற வேண்டும். கோவளத்தில் மீன் கூடைக்காரம்மாக்கள் பார்க்கப் பார்க்கப் பதினோரு தடவை ஏறி இறங்கினேன். ஒருத்தி, இந்தம்மாவுக்கு இன்னா ஆச்சு என்று பக்கத்தில் கேட்டாள். வீட்டுக்காரர் சங்கரா மீன் பொட்டலத்தை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"இத்தினி நாளா ஓடியாந்து புடிச்சி, நான்தான் உன்னைக் கெடுத்துட்டேன் போல" என்றார். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை.

திரும்பும் வழியில் ஒரு கல்லையும் நான் தேடவில்லை. மாம்பாக்கம் வைக்கோலில் இறங்கித் தள்ளினேன். பிற்பகல் 1.50-க்கு பீர்க்கன்கரணை.

திங்கட்கிழமை காலை சைக்கிளைப் பஸ் கூரையில் ஏற்றிக்கொண்டு தனியாகப் போனேன். மானாமதி சாலையில் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, ஓட்டிக்கொண்டே போய்ச் சேர வேண்டும் என்று ஆசை. தெருவே பார்க்க, அலட்டலில்லாமல் பிரேக் பிடித்து இறங்கிக் காட்ட வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு போனேன்.

சுகாதார நிலையத்தின் வாசலில் ஓர் உரல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. விரிசல் விட்ட பழைய உரல். ஆடாமல் இருக்க அடியில் மண்ணைக் குத்தி இறுக்கியிருந்தார்கள். தெய்வானை பக்கத்தில் நின்றாள். மற்ற நாலு ஊருக்கும் சொல்லியனுப்பியாச்சு, ஒண்ணொண்ணுலயும் போட்டு வைப்பாங்க என்றாள். அந்த வாரம் போய்ப் பார்த்தேன். ஓர் ஊரில் துவைக்கிற கல், ஒன்றில் உடைந்த அம்மி, மற்ற இரண்டில் வயலிலிருந்து உருட்டி வந்த பாறை.

பீர்க்கன்கரணையில் நான் பழகிய நான்கு மாதமும் தெருக்காரர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். யாரும் ஒரு செங்கல்லை நகர்த்திப் போட்டதில்லை. குறை சொல்லவில்லை, அவர்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் தோன்றியிருக்காது.

அந்தத் திங்கட்கிழமை தெய்வானை பார்த்துக்கொண்டிருக்க, உரலின் மேல் காலை வைத்து இறங்கினேன். அங்கே நான்கு வருடம் வேலை பார்த்தேன். ஐந்து ஊரிலும் கல்லில்தான் ஏறினேன், கல்லில்தான் இறங்கினேன். எனக்குத் தெரியும் என்று அவர்களிடம் சொல்ல கடைசிவரை வாய் வரவில்லை.